வீட்டில் ஒரு கால் மணித்தியாலம்: சின்னப் பிள்ளைகளின் உம்மா வாப்பாமாருக்கு



கொஞ்சம் நீண்ட பதிவு. அடுப்பு வேலை, கடை வேலை எல்லாம் முடிந்த பிறகு ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் நாலு வயதுக்கும் ஏழு வயதுக்கும் இடையில் ஒரு பிள்ளை இருந்தால் கடைசிவரை வாசியுங்கள்.

ஒவ்வொரு வருடமும் தரம் 1க்குப் பிள்ளைகள் வந்து மூன்று, நாலு கிழமை போனதும் எங்களிடம் ஒரே கேள்விதான் வரும். கேட் வாசலில் பிடித்து வைத்துக் கேட்பார்கள். இரவு பத்து மணிக்கு வட்ஸ்அப்பில் கேட்பார்கள். "டீச்சர், பக்கத்து வீட்டுப் புள்ள பேர் எழுதுது, பந்தி வாசிக்குது. எங்கட புள்ளைக்கு 'ஆனா' கூட சரியா வருதில்ல. ரியூசன் போடவா?"

ஐந்து வயதுப் பிள்ளைக்கு ரியூசன். கேட்கிற தாயின் முகத்தைப் பார்த்தால் சிரிக்கவும் மனம் வராது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் பயம் இப்போது நேசரி வரைக்கும் இறங்கி வந்துவிட்டது. வெள்ளவத்தை ஃபிளட்டிலும் அதே பயம், கொட்டாஞ்சேனைத் தோட்டத்து ஒற்றை அறை வீட்டிலும் அதே பயம். காசுள்ளவர்கள் ரியூசன் போடுகிறார்கள். இல்லாதவர்கள் பிள்ளைக்கு இரண்டு அடி போட்டு, கொப்பியில் ஒரு பக்கம் 'அ' எழுத வைக்கிறார்கள். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் காலையில் எங்கள் வகுப்புக்குத்தான் வருகிறார்கள். கொப்பியைத் திறந்ததும் முகம் சுருங்குவதில் இரண்டு பேருக்கும் வித்தியாசம் இல்லை.

அதனால்தான் இதை எழுதுகிறோம். ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிற எங்களுக்கு, ஒரு பிள்ளை எழுத்துப் பிந்துவது பெரிய கவலை இல்லை. அது வந்துவிடும். வாசிப்பு என்றாலே பயம் என்று பிள்ளையின் மனதில் பதிந்துவிட்டால், அதை எடுப்பதுதான் கஷ்டம். தரம் 3, 4 வரும்போது சுற்றாடல், சமயம், கணக்கு எல்லாமே வாசித்து விளங்குகிற பாடங்களாகிவிடும். அந்த நேரத்தில் வாசிக்க வெறுக்கிற பிள்ளை ஒரு பாடத்தில் மட்டும் விழுவதில்லை, எல்லாவற்றிலும் விழுகிறது.

முதலில் தமிழ் எழுத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் பெரியவர்கள். எழுத்து எங்களுக்குப் பழகிப்போனதால் அதன் கஷ்டம் மறந்துவிட்டது.

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று. மொத்தம் 247. இந்தக் கணக்கைச் சுவரில் அட்டையாக மாட்டி, பிள்ளையை முதல் நாளே அதன் முன்னால் நிறுத்தினால் எந்தப் பிள்ளையும் பயப்படும். உண்மையில் 247 வடிவத்தைத் தனித்தனியாகப் பாடமாக்க வேண்டியதில்லை. அடிப்படை எழுத்துகளும், அவற்றோடு சேருகிற குறிகளும் பிடிபட்டால் மற்றது கூட்டிப் பார்க்கிற வேலைதான். ஆனால் அந்தக் குறிகளில்தான் சூட்சுமம் இருக்கிறது. கெ, கே, கை, கொ, கோ, கௌ என்று பன்னிரண்டு வரிசையில் ஆறில் குறி எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஒலியோ பின்னால் வரும். கண் முதலில் காண்பதை வாய் கடைசியில் சொல்ல வேண்டும். 'கொட்டாஞ்சேனை' என்ற எங்கட ஊர்ப் பெயரையே எடுங்கள். 'கொ'வில் குறி இரண்டு பக்கமும். 'டா'வில் பின்னால். 'சே'யில் முன்னால். 'னை'யிலும் முன்னால். ஒரு சொல்லுக்குள் ஐந்து வயதுப் பிள்ளை இத்தனை திருப்பம் திரும்ப வேண்டும்.

இன்னும் ஒன்று. கு, சு, து, மு. நாலும் 'உ' என்ற ஒலியில்தான் முடிகின்றன. எழுதும்போது நாலுக்கும் நாலு விதமான வளைவு. பிள்ளை தடுமாறுவது மூளை இல்லாததால் இல்லை. எழுத்து அப்படி. இதெல்லாம் கைக்கு வர மாதக்கணக்கு அல்ல, ஒன்றிரண்டு வருடம் பிடிக்கும். அதனால்தான் வகுப்பில் ட, ப, ம போன்ற லேசான வடிவங்களில் தொடங்கி, 'படம்', 'பட்டம்' என்று உடனே ஒரு சொல்லைப் பிள்ளையின் கையில் கொடுக்கப் பார்க்கிறோம். 'அ' வளைந்து வளைந்து போகிற எழுத்து. அதில்தான் தொடங்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை.

எங்கட முஸ்லிம் பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒரு சங்கடம் இருக்கிறது. எந்தப் பிள்ளையும் முதலில் எழுத ஆசைப்படுவது தன் பெயரை. ஹஸன், ஸாரா, ஜெஸீலா, ஷாகிர். இந்தப் பெயர்களில் வருகிற ஹ, ஸ, ஜ, ஷ அந்த 247இல் இல்லை, பாடத்தில் பிந்தித்தான் வரும். தன் பெயரின் முதல் எழுத்தே அட்டையில் இல்லாவிட்டால் பிள்ளைக்கு எப்படி இருக்கும்! ஆகவே பெயரை மட்டும் வீட்டில் நீங்கள் காட்டிக் கொடுங்கள். ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கதவிலோ கட்டிலுக்குப் பக்கத்திலோ ஒட்டுங்கள். எழுத வைக்கத் தேவையில்லை. ஒவ்வொரு நாளும் கண்ணில் படட்டும்.

காலையில் தமிழ், பின்னேரம் மத்ரஸாவில் அரபு. தமிழும் ஆங்கிலமும் சிங்களமும் இடமிருந்து வலம், அரபு வலமிருந்து இடம். ஒரு சின்னப் பிள்ளை ஒரே நாளில் நாலு விதமான எழுத்தைப் பார்க்கிறது. இடைக்கிடை தமிழ்ச் சொல்லை வலப் பக்கத்திலிருந்து எழுதத் தொடங்கினால் ஏசாதீர்கள். கொப்பியின் இடப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி வைத்து, "தமிழ் இங்கிருந்து புறப்படும்" என்று சொன்னால் போதும். கொஞ்ச நாளில் தானாகச் சரியாகும். அலிஃப், பா சொல்லப் பழகிய பிள்ளைக்கு ஒரு பெரிய விசயம் ஏற்கெனவே விளங்கிவிட்டது. ஒரு வடிவத்துக்கு ஓர் ஒலி உண்டு என்பதுதான் அது. அந்த விளக்கம் தமிழுக்கும் உதவும்.

"டீச்சர், எனக்கே தமிழ் வாசிக்க ஏலாது. நான் சிங்கள மீடியத்துல படிச்ச. நான் எப்படிப் புள்ளைக்குச் சொல்லிக் குடுக்குறது?" கொழும்பில் இதைச் சொல்லாத பெற்றோர் கூட்டமே இல்லை. சில பேர் வெட்கத்தில் கூட்டத்துக்கே வராமல் விடுகிறார்கள். சிலருக்கு எந்த மொழியிலும் வாசிப்பு வராது. பத்துப் பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தப்பட்டவர்கள்.

எங்கட உம்மா அப்படித்தான். தம்பி தங்கச்சிமாரைப் பார்க்க வேண்டும் என்று ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். றிப்போட்டில் கையெழுத்து வைப்பார், அவ்வளவுதான். ஆனால் பருப்பும் மிளகாயும் சுற்றி வந்த வீரகேசரி, தினகரன் துண்டுகளை எறிய விடமாட்டார். நாங்கள் பிள்ளைகள் எல்லாரும் குசினி வாசலில் இருந்து அதை மாறி மாறி வாசிக்க வேண்டும். அவர் மீன் கழுவிக்கொண்டே, "பொறகு?" என்பார். துண்டு கிழிந்து செய்தி பாதியில் நின்றால், "அப்ப என்ன நடந்திருக்கும்? நீங்க செல்லுங்க" என்பார். நாங்கள் சண்டை பிடித்துக்கொண்டு மீதியைக் கட்டிச் சொல்வோம். பிற்காலத்தில் கல்வியியற் கல்லூரியில் விரிவுரையாளர் ஊகித்து வாசித்தல் பற்றிப் படிப்பித்தபோது எங்களுக்கு மீன் வாசம்தான் வந்தது. அதே பாடம். உம்மாவுக்கு அதன் பெயர் தெரியாது, செய்யத் தெரிந்திருந்தது.

உம்மம்மாவும் அப்படித்தான். "நான் எழுத வாசிக்கத் தெரியாதவ" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் சுபஹுக்குப் பிறகு குர்ஆன் ஓதுவார். அரபுத் தமிழ்க் கிதாபும் வாசிப்பார். தமிழையே அரபு எழுத்தில், தமிழுக்கே உரிய ஒலிகளுக்குப் புள்ளிகள் கூட்டி எழுதுகிற முறை அது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் தலைமுறை தலைமுறையாக எங்கட பெண்கள் மார்க்கமும் கதையும் வைத்தியமும் அதில்தான் வாசித்தார்கள். தமிழ் எழுத்துத் தெரியாததால் அவர்களை ஊர் 'படிக்காதவர்கள்' என்று எண்ணியது. அவர்களும் அப்படியே நம்பிவிட்டார்கள். 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிய அறிஞர் சித்திலெப்பை, பெண் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே பாடுபட்டவர். வீட்டில் தாய் வாசிக்காவிட்டால் சமூகம் வாசிக்காது என்ற கவலை இன்று நேற்று வந்ததில்லை.

அதனால் உம்மாமாரே, உம்மம்மாமாரே, உங்களுக்குத் தெரியாதது ஓர் எழுத்து முறை மட்டும்தான். கதை தெரியும். பேச்சுத் தெரியும். கேட்கத் தெரியும். வாசிப்புக்கு அடித்தளமே அதுதான். கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து என்ற வரிசையில்தான் மொழி வரும். முதல் இரண்டும் வீட்டில் நடக்காமல் கடைசி இரண்டையும் பள்ளிக்கூடத்தில் எதிர்பார்ப்பது, அத்திவாரம் போடாமல் மேல்மாடி கட்டுவது போல.

சிங்களத்தில் படித்த தாய் சிங்களக் கதைப் புத்தகத்தைச் சத்தமாக வாசித்து, தமிழில் பேசலாம். ஒரு பிழையும் இல்லை. பிள்ளை வீட்டில் பேசுகிற மொழியில் படிப்பைத் தொடங்குவதுதான் நல்லது என்று யுனெஸ்கோ 1953இலேயே சொல்லிவிட்டது. எங்கள் நாட்டிலும் ஆரம்ப வகுப்புகள் தாய்மொழியில் நடப்பது அதனால்தான். பிள்ளையோடு வீட்டில் அரைகுறை ஆங்கிலம் மட்டும் பேசி, தமிழ்ப் பேச்சையும் குறைத்துவிட்டால், பிள்ளை இரண்டு மொழியிலும் சொல் இல்லாமல் நிற்கும். வகுப்பில் அப்படி நிற்கிற பிள்ளைகளை நாங்கள் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறோம். "என்ன நடந்தது?" என்று கேட்டால் சொல்ல நிறைய இருக்கும். வாய் வராது. கண்தான் கலங்கும்.

சிங்களத்தில் படித்த ஒரு தாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். மகன் வாசிக்க மாட்டேன் என்று அழுகிற பிள்ளை. "நீங்க அவருக்குப் படிப்பிக்க வாணாம். அவர்கிட்ட நீங்க படிங்க" என்றோம். பின்னேரம் மகன் வகுப்பில் படித்த இரண்டு எழுத்தை உம்மாவுக்குக் காட்ட வேண்டும், உம்மா எழுதிக் காட்ட வேண்டும், மகன் 'சரி' போட வேண்டும். முதல் கிழமை உம்மாவின் 'ழ'வுக்கு மகன் பெரிய புள்ளடி போட்டிருந்தான். மூன்றாம் தவணையில், பாடசாலையிலிருந்து அனுப்பிய தமிழ் அறிவித்தலை அந்தத் தாய் ஒருவரிடமும் கேட்காமல் வாசித்துவிட்டு வந்தார். மகனும் வாசித்தான். ஒரு வீட்டில் இரண்டு பேர் வாசிக்கப் பழகினார்கள், ஒரு சதம் செலவில்லாமல்.

இனி என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு, எங்கள் வகுப்புப் பெற்றோருக்குச் சொல்வதையே இங்கேயும் சொல்கிறோம். ஒரு நாளைக்குக் கால் மணித்தியாலம் போதும். ஆனால் ஒவ்வொரு நாளும்.

பாதையில் வாசியுங்கள். எங்கள் நகரமே ஒரு புத்தகம்தான். வெள்ளவத்தை ரயில் நிலையத்தில் பெயர்ப் பலகை மூன்று மொழியிலும் இருக்கிறது. கடற்கரைக்குப் போகும்போது இரண்டு நிமிடம் நின்று 'வெள்ளவத்தை'யில் எத்தனை 'வ' வருகிறது என்று கேளுங்கள். அடுத்த நிலையம் 'பம்பலப்பிட்டி'. அதைச் சொல்லவே பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரும். சிரித்துக்கொண்டே 'ப'வைத் தேடட்டும். காலி வீதியில் நூறாம் நம்பர், நூற்றியொன்று பஸ் வந்தால் இலக்கத்தையும் பலகையையும் பிள்ளையே வாசித்துச் சொல்லட்டும். ஜம்பட்டா வீதியில் நடக்கும்போது கடைப் பலகைகளில் தன் பெயரின் எழுத்து எங்கே இருக்கிறது என்று பார்க்கட்டும்.

குசினியில் எழுதுங்கள். கடைக்கு வாங்கும் பட்டியலைப் பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள். பாண், சீனி, பால், முட்டை. 'பாண்' என்பதை 'பான்' என்று எழுதினால் உடனே அழிறப்பரைத் தூக்க வேண்டாம். கடைக்காரருக்கு விளங்கும். தான் எழுதிய தாளுக்குப் பாண் கிடைத்தது என்று கண்டால், எழுத்து எதற்கு என்று பிள்ளைக்கு விளங்கும். அதை ஒரு கொப்பி முழுக்கப் பார்த்து எழுதினாலும் விளங்காது. ண, ன, ந வித்தியாசமும் ல, ள, ழ வித்தியாசமும் மெல்ல வரும். நாங்களே 'வாளப்பளம்' என்று பேசிக்கொண்டு, பிள்ளை மட்டும் 'ழ' போட வேண்டும் என்று கோபிப்பது நியாயமா?

கைக்கு வேலை கொடுங்கள். நாலு வயதுக் கையின் விரல் இன்னும் பென்சிலுக்குத் தயாரில்லாமல் இருக்கலாம். ரொட்டி மாப் பிசையட்டும், வெங்காயம் உரிக்கட்டும், சட்டைப் பொத்தானைத் தானே போடட்டும். தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி விரலால் எழுதட்டும். பக்கத்து வீட்டு இந்துப் பிள்ளைகளுக்கு ஏடு தொடக்கும்போது செய்வதும் அதுதான். எங்கட பழைய ஓதற பள்ளிகளில் பலகையில் எழுதி அழித்து எழுதியதும் அதே மாதிரிதான். பெரிய வடிவம், பிழைத்தால் அழிந்துவிடும், பயமில்லை.

இரவில் ஒரு கதை. நபிமார் கதையோ, நரி கதையோ, நீங்கள் சின்னதில் செய்த குழப்படியோ, எதுவானாலும். வாப்பாமாருக்கு இதைத் தனியாகச் சொல்கிறோம். புறக்கோட்டையில் கடை பூட்டி ஒன்பது மணிக்கு வருகிறீர்கள், களைப்புத்தான். ஆனாலும் பிள்ளை தூங்க முன் ஐந்து நிமிடம் ஒரு கதை, ஃபோனைத் தூர வைத்துவிட்டு. வாசிப்பு உம்மாவின் வேலை, வெளியே போகிற ஆம்பிளைக்கு அது தேவையில்லை என்று எங்கட ஆண் பிள்ளைகள் நினைத்துக்கொண்டு வளர்கிறார்கள். அந்த எண்ணத்தை ஒரு டீச்சரால் மாற்ற முடியாது. வாப்பாவின் கையில் ஒரு புத்தகத்தைக் கண்டால் மாறும்.

புத்தகத்துக்குக் காசு இல்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். 2022இல் கொப்பி விலை ஏறியபோது, எழுதிய கொப்பியை அழித்து மறுபடி எழுதிய பிள்ளைகளைக் கண்டோம். காசில்லாமலும் வழி இருக்கிறது. பாடநூலை அரசாங்கம் இலவசமாகத் தருகிறது. அதைக் கவர் போட்டு அலுமாரியில் பூட்டாமல், பிள்ளை புரட்ட விடுங்கள். கொழும்பு பொது நூலகம் 1925இலிருந்து இருக்கிறது. வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையில், 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்திலும் நூலகம் உண்டு. கட்டாயம் ஃபோனைத்தான் கொடுக்க வேண்டுமென்றால், ஸ்டோரிவீவர் என்ற இணையத்தளத்தில் தமிழில் படக் கதைகள் இலவசமாக இருக்கின்றன. பிள்ளையின் பக்கத்தில் இருந்து சேர்ந்து வாசியுங்கள். ஒரு புத்தகம் வாங்க முடிந்தால், வெள்ளவத்தையிலும் செட்டியார் தெருவிலும் பூபாலசிங்கம் புத்தகசாலை இருக்கிறது. பிள்ளையையும் கூட்டிப் போய் அவரே தெரிவு செய்யட்டும். ஒரே புத்தகத்தை நாற்பது தரம் கேட்டாலும் அலுக்காமல் வாசியுங்கள். நாற்பதாம் தரம்தான் அவர் தானாக வாசிக்கத் தொடங்குவார்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பிள்ளை புத்தகத்தை மூக்கோடு வைத்துப் பார்க்கிறதா, கூப்பிட்டால் அடிக்கடி திரும்பவில்லையா? முதலில் கண்ணையும் காதையும் டொக்டரிடம் காட்டுங்கள். 'சோம்பேறி' என்று அடி வாங்கிய பிள்ளைக்குத் தேவைப்பட்டது ஒரு கண்ணாடி என்று கடைசியில் தெரிய வந்த கதைகள் எங்களிடம் உண்டு. ஏழு, எட்டு வயதாகியும் எழுத்துகள் சேரவே இல்லையென்றால், வகுப்பு டீச்சரோடு கதைத்து உரிய இடத்தில் காட்டுங்கள். சில பிள்ளைகளின் மூளை எழுத்தை வேறு விதமாகப் பிடிக்கிறது. அவர்களுக்கு வேறு வழியில் படிப்பிக்க வேண்டும். மறைப்பதற்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. மறைத்தால் போவது பிள்ளையின் காலம்.

கடைசியாக, பக்கத்து வீட்டுப் பிள்ளை. அந்தப் பிள்ளை பந்தி வாசிக்கட்டும், மாஷா அல்லாஹ் சொல்லுங்கள். உங்கள் பிள்ளையை நேற்றைய உங்கள் பிள்ளையோடு மட்டும் ஒப்பிடுங்கள். நேற்று 'ம' தெரியாது, இன்றைக்கு 'மரம்' வாசித்தார் என்றால் அது ஒரு பெரிய பயணம்.

இன்று இரவே தொடங்கலாம். வாசிக்கத் தெரிந்தால் இரண்டு பக்கம் வாசியுங்கள். தெரியாவிட்டால் ஒரு கதை சொல்லி, நடுவில் நிறுத்தி, "பொறகு என்ன நடந்திருக்கும்?" என்று கேளுங்கள். பிள்ளை என்ன சொன்னது என்று கீழே எழுதுங்கள். எங்கள் வகுப்பிலும் வாசித்துக் காட்டுகிறோம், இன்ஷா அல்லாஹ்.

வாசிக்கத் தெரியாது என்று வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிற ஒரு உம்மாவை, ஒரு அம்மாவை உங்களுக்குத் தெரிந்தால், இந்தப் பதிவை அவருக்கு அனுப்பாதீர்கள். போய்ப் பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டுங்கள்.